சரியான விடை, தப்பான வழி: காண்டன் அறிக்கையை முன்வைத்து

பறக்கும் தட்டுகளைப் பற்றி அறிவியல் ஒரே ஒரு தடவை காசு செலவழித்து, ஆள் போட்டு, உட்கார்ந்து ஆராய்ந்து தீர்ப்பு சொன்னது என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் பெரும்பாலானவர்கள் காட்டுவது காண்டன் அறிக்கையைத்தான். 1969 ஜனவரியில் வெளிவந்தது. அமெரிக்க விமானப்படை பணம் கொடுக்க, கொலராடோ பல்கலைக்கழகம் செய்த ஆய்வு. பேப்பர்பேக்காக வந்தபோது தொள்ளாயிரத்துச் சொச்சம் பக்கம், தலையணை சைஸ்.

இந்த அறிக்கையைப் பற்றி இணையத்தில் இரண்டு கட்சி உண்டு. "அதான் காண்டனே சொல்லிட்டாரே, ஒண்ணும் கிடையாதுன்னு, அப்புறம் என்ன பேச்சு?" என்பது ஒரு கட்சி. "அது விமானப்படை எழுதி வாங்கின மூடுமறைப்பு" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் திறந்து படித்தால் இரண்டு பேருக்குமே சங்கடம்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேற்றுக்கிரகக் கப்பல் எதுவும் வந்ததற்குச் சான்று இல்லை என்ற காண்டனின் முடிவு சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவுக்கு அவர் போன வழி சரியில்லை. வழி சரியில்லாததால்தான் அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த விடை யாரையும் சமாதானப்படுத்தவில்லை. விடை மட்டும் சரியாக இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். கணக்குப் பரீட்சையில்கூடப் போதாது. அறிவியலில் நிச்சயமாகப் போதாது.

சதுப்பு நில வாயு

முன்கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1947 ஜூன் 24 அன்று கென்னத் அர்னால்டு என்ற விமானி, வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருட்கள் வேகமாகப் போவதைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீர்மேல் தட்டை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோலப் போனது என்று அசைவைத்தான் அவர் விவரித்தார். பத்திரிகைகள் அதை வடிவமாக்கிவிட்டன. 'பறக்கும் தட்டு' பிறந்தது. அதற்குப் பிறகு மக்கள் தட்டுகளையே பார்க்க ஆரம்பித்தார்கள்.

விமானப்படை முதலில் 'சைன்', பிறகு 'கிரட்ஜ்', 1952 முதல் 'புளூ புக்' என்ற பெயர்களில் இந்தப் புகார்களைப் பதிவு செய்தது. 1952 ஜூலையில் தலைநகர் வாஷிங்டனின் மேலேயே இரண்டு வார இறுதிகளில் ரேடாரில் புள்ளிகள் தெரிந்தன, போர் விமானங்கள் கிளம்பின. நாடே பரபரத்தது. அடுத்த ஜனவரியில் சிஐஏ, ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர் தலைமையில் ஒரு சிறு குழுவைக் கூட்டியது. அந்தக் குழுவின் கவலை தட்டுகளைப் பற்றியதல்ல. புகார்கள் வந்து குவிந்தால் உண்மையான சோவியத் தாக்குதல் எச்சரிக்கை அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடுமே என்பதுதான். எனவே மக்களின் ஆர்வத்தைத் தணிக்க வேண்டும், மர்மத்தை உடைத்துக் காட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தது. பனிப்போர்க் காலத்தில் அது நியாயமான கவலைதான். ஆனால் கவனியுங்கள், "இது என்ன?" என்ற கேள்வி அங்கேயே "இதை எப்படி அடக்குவது?" என்று மாறிவிட்டது.

அந்த மாற்றத்தின் விலை 1966 மார்ச்சில் தெரிந்தது. மிச்சிகன் மாநிலத்தில் டெக்ஸ்டர் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பண்ணைக் குடும்பமும் காவலர்களும் சதுப்பு நிலத்தின் மேல் விளக்குகளைப் பார்த்தார்கள். மறுநாள் இரவு ஹில்ஸ்டேல் கல்லூரி விடுதியின் ஜன்னல் வழியாக எண்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் பார்த்தார்கள். விமானப்படையின் ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக் அங்கே போனார். சில நாட்களுக்குள் டெட்ராய்ட்டில் நிருபர்கள் முன்னால் நிறுத்தப்பட்டார். அழுகும் தாவரங்களிலிருந்து கிளம்பும் வாயு எரிந்து வெளிச்சம் காட்டியிருக்கலாம் என்றார். இந்த இரண்டு சம்பவங்களுக்கு மட்டும், அதுவும் ஒரு சாத்தியமாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் தலைப்புகளில் 'இருக்கலாம்' இல்லை. 'சதுப்பு நில வாயு' மட்டும்தான் இருந்தது.

மக்களுக்குக் கோபம் வந்தது. கேலிச்சித்திரங்கள் பறந்தன. அந்த மாநிலத்துக்காரரும், பிரதிநிதிகள் சபையின் சிறுபான்மைக் கட்சித் தலைவரும், பின்னாளில் அதிபர் ஆனவருமான ஜெரால்டு ஃபோர்டு, மக்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் தரவேண்டும் என்று விசாரணை கேட்டார். அந்த அழுத்தத்தில்தான் வெளியாள் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுப்பது என்று விமானப்படை வேகமாக முடிவெடுத்தது.

சதுப்பு வாயு என்ற விளக்கமே முட்டாள்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. ஈர நிலங்களில் அப்படி வெளிச்சங்கள் தெரிவதாக உலகமெங்கும் பழைய பதிவுகள் உண்டு. நம்மூரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்வதும் இதே குடும்பம்தான் என்பார்கள். பிரச்சினை விளக்கத்தில் இல்லை, அது வந்த வேகத்தில் இருக்கிறது. சாட்சிகளைச் சாவகாசமாக உட்கார வைத்து எந்தத் திசை, எத்தனை டிகிரி உயரம், எவ்வளவு நேரம் என்று கேட்டு முடிப்பதற்குள் பதில் தயார். கேட்பவனுக்கு என்ன தோன்றும்? "இவங்க நம்மளை வாயை மூடச் சொல்றாங்க" என்றுதான் தோன்றும்.

காண்டன் வருகிறார்

எட்வர்ட் காண்டன் சாதாரண ஆள் இல்லை. குவாண்டம் இயற்பியல் படித்தவர்களுக்கு ஃபிராங்க்–காண்டன் தத்துவம் தெரிந்திருக்கும், அந்தக் காண்டன்தான். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் இயக்குநராக இருந்தவர். கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில், அணு ரகசியப் பாதுகாப்பின் பலவீனமான கண்ணி என்று நாடாளுமன்றக் குழு அவரையே குற்றம் சாட்டியது. அதை எதிர்த்து நின்றவர். ஆதாரமில்லாத சந்தேகத்தால் ஒரு மனிதன் எப்படி அவமானப்படுத்தப்படுகிறான் என்பதை நேரில் அனுபவித்தவர். அதனால்தான் 1966 அக்டோபரில் அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது பறக்கும் தட்டு ஆர்வலர்களே கைதட்டினார்கள். ஹைனெக் வரவேற்றார். விமானப்படை கைக்குள் போட்டுக்கொள்ளக்கூடிய ஆள் இவர் இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள்.

நம்பிக்கை சில மாதம்கூட ஓடவில்லை. 1967 ஜனவரியில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசும்போது, அரசு இந்த வேலையை விட்டு வெளியே வருவதே நல்லது என்று தன் மனப்போக்கு இருப்பதாகவும், ஆனால் இன்னும் ஒரு வருடத்துக்கு நான் முடிவுக்கு வரக் கூடாதே என்றும் வேடிக்கையாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. பத்திரிகையில் வந்தது. சொந்தக் குழுவில் இருந்தவர்களே அதைப் படித்தார்கள்.

இன்னொன்று அதைவிட மோசம். ஒப்பந்தம் போடுவதற்கு முன்பு, 1966 ஆகஸ்டில், பின்னாளில் திட்ட ஒருங்கிணைப்பாளர் ஆன ராபர்ட் லோ பல்கலைக்கழக அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அதன் சாரம் இது: நம்பாதவர்களை வைத்தே இந்த ஆய்வைச் செய்யலாம். பொதுமக்களுக்கு இது முழுக்க நடுநிலையாகத் தெரியும்படியும், விஞ்ஞானிகளுக்கு இது எதுவும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காத ஆட்களின் வேலையாகத் தெரியும்படியும் விவரிப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். தட்டைவிட, தட்டைப் பார்க்கும் ஆளை ஆராய்வதில் அழுத்தம் கொடுக்கலாம்.

இந்தக் குறிப்பு குழுவினர் கைக்குக் கிடைத்து வெளியே போனது. 1968 பிப்ரவரியில் காண்டன் இரண்டு ஆய்வாளர்களை வேலையை விட்டு நீக்கினார். மே மாதம் 'லுக்' பத்திரிகை முழுக் கதையையும் போட்டது. லோவுக்காகப் பேசுபவர்கள், அது தயங்கிக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தை இணங்க வைக்க எழுதிய குறிப்புதான் என்பார்கள். காண்டன், அந்தக் குறிப்பை நான் முன்பு பார்த்ததே இல்லை என்றார். இரண்டையும் ஏற்றுக்கொள்வோம். அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ஒரு நீதிபதி வழக்கு நடக்கும்போதே வெளியே நின்று "கேஸ்ல சரக்கில்லப்பா" என்று சொன்னால், அவர் பிறகு எழுதும் தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருந்தாலும் யார் மதிப்பார்கள்?

முன்பக்கமும் உள்பக்கமும்

இப்போது புத்தகத்துக்கு வருவோம். என் விமர்சனத்தின் மையம் இதன் அமைப்பில்தான் இருக்கிறது.

பொதுவாக ஓர் ஆய்வறிக்கையில் சான்றுகள் முதலில், முடிவு கடைசியில். இங்கே முதல் பகுதியே முடிவுகளும் பரிந்துரைகளும், இரண்டாவது பகுதி சுருக்கம். இரண்டையும் காண்டனே எழுதினார். கடந்த 21 ஆண்டுகளில் இந்த விஷயத்தை ஆராய்ந்து அறிவியலுக்கு எதுவும் சேரவில்லை, மேற்கொண்டு விரிவாக ஆராய்வதாலும் பயன் இருக்காது என்பது அவர் தீர்ப்பு. பள்ளிப் பிள்ளைகள் தட்டு பற்றிய புத்தகங்களைப் படித்து எழுதும் வேலைக்கு ஆசிரியர்கள் மதிப்பெண் தரக் கூடாது என்றுகூட ஓர் அறிவுரை. நல்ல திட்டத்தோடு வரும் விஞ்ஞானிக்கு ஆதரவு தரலாம் என்ற ஒரு வாசகமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பத்திரிகைக்காரர்கள் படித்தது முதல் வாசகத்தைத்தான். தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஒன்றும் படித்துப் பார்த்து ஆமோதித்தது. 1969 டிசம்பரில் புளூ புக் மூடப்பட்டது. அதுவரை பதிவானவை 12,618. விளக்கம் இல்லாமல் நின்றவை 701.

உள்ளே போனால் வேறு புத்தகம். அங்கே இளம் விஞ்ஞானிகள் பொறுமையாக வேலை செய்திருக்கிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, சில அத்தியாயங்கள் அருமை.

எனக்கு மிகவும் பிடித்தது வில்லியம் ஹார்ட்மன் எழுதிய, மனிதன் பார்ப்பதும் பார்த்ததைச் சொல்வதும் பற்றிய அத்தியாயம். 1968 மார்ச் 3 இரவு, சோவியத்தின் ஸோண்ட்–4 விண்கலம் சம்பந்தப்பட்ட பொருள் ஒன்று வளிமண்டலத்தில் நுழைந்து, எரிந்து, துண்டு துண்டாக அமெரிக்க வானத்தைக் கடந்தது. பலர் பார்த்து எழுதி அனுப்பினார்கள். உண்மையில் அங்கே இருந்தது என்ன என்பது தெரிந்த சம்பவம் என்பதால், யார் எப்படிப் பார்த்தார்கள் என்று ஒப்பிட முடிந்தது. நிறையப் பேர் சரியாகவே விவரித்திருந்தார்கள். சிலரோ, தனித்தனி நெருப்புத் துண்டுகளை மனதுக்குள் கோடு போட்டு இணைத்து, சுருட்டு வடிவக் கப்பலாக்கி, அதில் வரிசையாக ஜன்னல்களையும் பார்த்துவிட்டார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை, குடிகாரர்களும் இல்லை. இருட்டில் மூன்று வெளிச்சம் ஒன்றாக நகர்ந்தால் நடுவில் ஓர் உடம்பு இருக்கிறது என்று மூளை முடிவு கட்டுகிறது. வேறு சொல்லில் சொன்னால், அறிவியலுக்கு இதிலிருந்து எதுவும் சேரவில்லை என்ற முன்பக்கத் தீர்ப்பை அதே புத்தகத்தின் இந்த அத்தியாயமே மறுக்கிறது. சாட்சியம் எப்படி உருவாகிறது என்பது அறிவியல் இல்லையா? நீதிமன்றத்துக்கும் விமான விபத்து விசாரணைக்கும் உதவாதா?

ரேடார் சம்பவங்கள் பக்கம் போனால் 1956இல் இங்கிலாந்தின் லேக்கன்ஹீத் விமானத் தளத்தில் ரேடாரிலும் கண்ணிலும் பட்டதாகப் பதிவான ஒன்று இருக்கிறது. வழக்கமான விளக்கங்களை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது, ஆனாலும் இதில் உண்மையாகவே அடையாளம் தெரியாத ஒன்று இருந்திருக்கும் வாய்ப்பு ஓரளவு அதிகம் என்று முடிக்கிறது அந்தப் பகுதி. 1950இல் ஓரிகன் மாநிலத்தில் மெக்மின்வில் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம் எடுத்த இரண்டு புகைப்படங்களைப் பற்றியும், சாட்சிகள் சொன்னதோடு எல்லாம் பொருந்தி வருகிறது என்கிற மாதிரி ஹார்ட்மனே எழுதினார்.

"பாத்தீங்களா, விண்கலம்!" என்று குதிக்க வேண்டாம். மெக்மின்வில் கதையின் தொடர்ச்சி முக்கியம். பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் அந்தப் படங்களில் கொட்டகைச் சுவரில் விழுந்திருந்த நிழல்களை ஆராய்ந்தார்கள். மாலையில் எடுத்தது என்று அந்தக் குடும்பம் சொன்னது. நிழலோ காலை வெயிலைக் காட்டுகிறது என்று வாதிட்டார்கள். ஹார்ட்மன் அந்த வாதத்தை ஏற்றுத் தன் மதிப்பீட்டை மாற்றிக்கொண்டார். வேலை நடக்க வேண்டிய முறை இதுதான். சான்று இருந்தவரை ஒன்றைச் சொன்னார், புதுச் சான்று வந்ததும் வேறொன்றைச் சொன்னார். அவர் யாரையும் சிரிக்கவும் இல்லை, எதையும் கும்பிடவும் இல்லை.

இந்த உள்பக்கத்துக்கும் அந்த முன்பக்கத்துக்கும் நடுவே பாலம் இல்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்க விமான, விண்வெளிப் பொறியாளர்களின் சங்கம் அமைத்த குழு ஒன்று 1970இல் இதையே சொன்னது. மேற்கொண்டு ஆராய்ந்து பயனில்லை என்ற தீர்ப்புக்கு அறிக்கைக்குள்ளே அடிப்படை தெரியவில்லை என்றது. அவர்கள் தட்டு பக்தர்கள் இல்லை, பொறியாளர்கள்.

கல் விழுந்த கதை

"எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? அபத்தமான கதைகளுக்கு மரியாதை கொடுத்தால் அபத்தம் வளராதா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதிலுக்கு 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சுக்குப் போக வேண்டும். வானத்திலிருந்து கல் விழுகிறது என்று குடியானவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

1768இல் லூசே என்ற ஊரில் ஒரு கல் விழுந்தது. பாரிஸ் அறிவியல் கழகத்தின் குழு அதை ஆராய்ந்தது. குழுவில் லவாய்சியேவும் இருந்தார், நவீன வேதியியலின் தந்தை என்று நாம் படிப்போமே, அவரேதான். இது வானத்திலிருந்து வந்ததல்ல, மின்னல் தாக்கிய சாதாரணக் கனிமக் கல் என்று முடிவு சொன்னார்கள். கல்லை ஆராய்ந்தார்கள், பார்த்தவர்களின் சொல்லுக்குப் பெரிய மதிப்புத் தரவில்லை.

1803 ஏப்ரல் 26 அன்று லேகிள் என்ற ஊரில் சுமார் மூவாயிரம் கற்கள் பொழிந்தன. இந்தத் தடவை ழான் பாப்டிஸ்ட் பியோ என்ற இளம் இயற்பியலாளரை அரசு அனுப்பியது. அவர் என்ன செய்தார்? ஊர் ஊராக நடந்தார். பாதிரியார், குடியானவர், பெண்கள், குழந்தைகள் என்று எல்லோரிடமும் கேட்டார். ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே மாதிரி சொல்கிறார்களா என்று பார்த்தார். கற்கள் விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார், நீள்வட்டமாக வந்தது. அந்த வட்டாரத்துப் பாறையில் அப்படிப்பட்ட கல் உண்டா என்று தேடினார், இல்லை. அந்த அறிக்கைக்குப் பிறகு விண்கல் இல்லை என்று சொல்வது கஷ்டமாகிவிட்டது.

"அப்போ பறக்கும் தட்டும் நாளைக்கு உண்மையாகிடும்" என்று இதை வைத்து வாதாடுபவர்கள் உண்டு. அது தப்பு. ஒருமுறை குடியானவன் சொன்னது சரியாகப் போனதால் எல்லாக் குடியானவனும் எப்போதும் சரி என்று ஆகாது. பியோவுக்குக் கையில் கல் கிடைத்தது, தட்டு ஆர்வலர்களுக்கு முக்கால் நூற்றாண்டாகக் கல் கிடைக்கவில்லை. நான் எடுத்துக்கொள்வது முடிவை அல்ல, நடையை. பியோ போலப் போயிருந்தால் அங்கே கல் இல்லாவிட்டாலும் ஊர்க்காரன் அவர் பேச்சை நம்பியிருப்பான். தன்னைக் கேட்டவன் சொல்லும் 'இல்லை'யும் கேட்காதவன் சொல்லும் 'இல்லை'யும் ஒன்றல்ல.

சிரிப்புக்குக் கொடுத்த விலை

நம்பிக்கை போனால் போகட்டும், அறிவியலுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஜேம்ஸ் மெக்டொனால்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

மெக்டொனால்டு அரிசோனா பல்கலைக்கழக வளிமண்டல இயற்பியலாளர். மேகம், மின்னல், ரேடார் எல்லாம் அவர் துறை. காண்டனைக் கடுமையாக எதிர்த்தவர். நூற்றுக்கணக்கான சாட்சிகளை நேரில் பேட்டி கண்டவர். வேற்றுக்கிரகத்தவர் என்ற விளக்கம்தான் இருப்பதில் பரவாயில்லை என்ற அளவுக்குப் போனார். அங்கே அவர் சான்றுகளைத் தாண்டிவிட்டார் என்பது என் கருத்து.

1971 மார்ச்சில் அவர் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் வேறு ஒரு விஷயத்துக்காகச் சாட்சி சொல்ல வந்தார். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானங்கள் கூட்டமாகப் பறந்தால் உயரத்தில் உள்ள ஓசோன் படலம் குறையும், தோல் புற்றுநோய் பெருகும் என்பது அவர் வாதம். முழுக்க அவர் துறைக்குள் வரும் வாதம். ஆனால் உறுப்பினர் ஒருவர் அவருடைய தட்டு ஆராய்ச்சியை இழுத்துப் போட்டுக் கிண்டல் செய்தார். அவையில் சிரிப்பு. புற்றுநோய் பேச்சு அந்தச் சிரிப்பில் அமுங்கியது. அதே ஆண்டு ஜூனில் மெக்டொனால்டு இறந்துபோனார்.

அவர் சொன்ன வேதியியல் வழி அப்படியே நிலைக்கவில்லை. அவர் நீராவியைச் சொன்னார், மற்றவர்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் காட்டினார்கள். ஆனால் மனிதன் செய்யும் வேலை ஓசோனை அரிக்கும் என்ற அடிப்படைக் கவலை சரியாகப் போயிற்று. 1974இல் மொலினாவும் ரோலண்டும் குளிர்பதன வாயுக்களைப் பற்றி எழுதினார்கள், 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓட்டை அறிவிக்கப்பட்டது, 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1995இல் குருட்சனோடு சேர்த்து அந்த இருவருக்கும் நோபல் பரிசு. ஓசோனைப் பற்றிப் பேச வந்தவனைத் தட்டைக் காட்டிச் சிரித்து உட்கார வைத்த அந்த நாளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேலி என்பது கழிவுநீர் மாதிரி, ஒரு வீட்டுக்குள் மட்டும் நிற்காது.

இதில் அரசாங்கத்தின் பங்கும் உண்டு. 1955 முதல் சிஐஏவின் யு–2 உளவு விமானம் அறுபதாயிரம் அடிக்கு மேல் பறந்தது. பயணிகள் விமானங்கள் இருபதாயிரம் அடியைத் தாண்டாத காலம் அது. கீழே அந்தி சாய்ந்த பிறகும் அதன் உடம்பில் வெயில் பட்டு மின்னும். விமானிகள் புகார் செய்தார்கள். புளூ புக் அதிகாரிகள் உள்ளுக்குள் விசாரித்துத் தெரிந்துகொண்டு, வெளியே பனித்துகள், வெப்பநிலை மாற்றம் என்று இயற்கை மேல் பழியைப் போட்டார்கள். இதை 1997இல் சிஐஏவின் வரலாற்றாசிரியரே எழுதினார். அந்தக் காலப் புகார்களில் பாதிக்கும் மேல் இப்படித்தான் என்று அவர் போட்ட கணக்கைச் சிலர் ஏற்பதில்லை, அது வேறு விஷயம். பார்த்தது உண்மை, பார்த்தவன் கெட்டிக்காரன், அவனுக்குச் சொன்ன விளக்கம் தெரிந்தே சொன்ன பொய் என்பது நிற்கிறது. இதற்குப் பிறகு எந்த விளக்கத்தையும் மக்கள் சந்தேகிப்பதில் என்ன ஆச்சரியம்?

மறுபக்கத்துக்கும் ஒரு வார்த்தை

ஆர்வலர்கள் செய்தது மட்டும் யோக்கியமா? லோ குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழு அறிக்கையையும் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். அதில் இருந்த நல்ல வேலையும் சேர்ந்து போனது. 'விளக்கம் கிடைக்கவில்லை' என்பதை 'விண்கலம்தான்' என்று மொழிபெயர்த்தார்கள். 701 என்ற எண் அவர்கள் வாயில் 701 கப்பல்கள். விளக்கம் கிடைக்காததற்குப் பெரும்பாலும் காரணம் தகவல் போதாமைதான். நேரம் தெரியாது, திசை தெரியாது, படம் மங்கல். திருட்டு வழக்கில் திருடன் அகப்படவில்லை என்றால் திருடியது பேய் என்று அர்த்தமா?

நாசா அமைத்த தனிக் குழு 2023 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. வேற்றுக்கிரகத் தொடர்புக்குச் சான்று இல்லை, இருக்கிற தகவல்களின் தரம் மோசம், நல்ல கருவிகளால் திட்டமிட்டுச் சேகரிக்க வேண்டும், புகார் செய்பவரை அவமானமாகப் பார்க்கும் நிலை போக வேண்டும் என்றது. காண்டன் சொல்லியிருக்க வேண்டியதும் ஏறக்குறைய இதுதான். ஐம்பத்து நாலு வருடம் தாமதம். அந்தக் குழு விஞ்ஞானிகளை இணையத்தில் வசைபாடினார்கள், தொல்லை கொடுத்தார்கள் என்று நாசா வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. ஒரு காலத்தில் சாட்சியைச் சிரித்தார்கள், இப்போது விஞ்ஞானியை மிரட்டுகிறார்கள். காண்டன் காலத்தில் அறுந்த கயிறு இன்னும் அறுந்தே கிடக்கிறது.

கயிறு அறுக்காமலும் இதைச் செய்யலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் ஓர் ஏரியின் மேலே நம் ராணுவ வீரர்கள் 329 முறை வெளிச்சப் பொருட்களைப் பார்த்துப் பதிவு செய்ததாகச் செய்தி வந்தது. சீன உளவு விமானமோ என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்து வானியலாளர்கள் அதை ஆராய்ந்து, அவை வெள்ளியும் வியாழனும் என்றார்கள். அந்த உயரத்தில் காற்று மெல்லியது, தெளிவானது, கிரகங்கள் சமவெளியில் இருப்பவர்களுக்குப் பழக்கமில்லாத பிரகாசத்தோடு தெரியும். பத்திரிகைகள் "கிரகத்தைப் பார்த்துப் பயந்த ராணுவம்" என்று சிரித்தன. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. எல்லையில் நிற்பவன் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினான், அதனால்தான் வானியலாளரால் விடை சொல்ல முடிந்தது. கேலிக்குப் பயந்து அவன் எழுதாமல் விட்டிருந்தால், அடுத்த முறை உண்மையிலேயே உளவு விமானம் வரும்போதும் எழுத மாட்டான்.

காண்டன் அறிக்கையை வாய்ப்புக் கிடைத்தால் படியுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் இரண்டு பகுதிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்மனிடமிருந்து தொடங்குங்கள், ரேடார் அத்தியாயத்துக்குப் போங்கள், சம்பவங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு முன்பக்கத் தீர்ப்புக்கு வாருங்கள். வேற்றுக்கிரகக் கப்பல் இல்லை என்ற முடிவுக்கு நீங்களும் வரக்கூடும். ஆனால் அப்போது அது உங்கள் முடிவாக இருக்கும், காண்டன் உங்களிடம் திணித்ததாக இருக்காது.